நீச்சல் குளத்துச் சிறையிலிருந்து ஒரு வழக்கு

சாட் நாட்டின் தலைநகரான இஞ்சமேனாவில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1982 முதல் 1990 வரை நாட்டை ஆண்ட ஹிசேன் ஹாப்ரேவின் ரகசியப் போலீஸ் அதன் மேல் கான்கிரீட் தளம் போட்டது. உள்ளே அறைகளாகத் தடுத்துச் சிறையாக்கியது. அந்த ஆட்சியில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று சாட் அரசு அமைத்த விசாரணைக் குழு பிறகு கணக்கிட்டது.

மனித உரிமை மேற்கத்தியச் சரக்கு, நம் மண்ணில் ஒட்டாது என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர்களே அப்படிச் சொல்கிறார்கள். காவலில் அடிபட்டவர் எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சாட் கதையைப் பாருங்கள். லிபியாவின் கடாஃபிக்கு எதிரி என்பதற்காக ஹாப்ரேவைத் தூக்கி நிறுத்தியவை அமெரிக்காவும் பிரான்சும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களோ, அவருடைய சிறையில் செத்துப் பிழைத்த சாட் நாட்டு மக்கள்.

அவர்களில் ஒருவர் சுலேமான் கெங்கெங். கணக்கர். பொய்க் குற்றம் சாட்டி அவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். பார்வை மங்கிப்போனது. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சாவதைப் பார்த்தவர், உயிரோடு வெளியே போனால் இதற்கு நீதி கேட்பேன் என்று கடவுளிடம் சபதம் செய்தார். 1990இல் ஹாப்ரே கவிழ்ந்ததும் விடுதலையானார். வீடு வீடாகப் போய், பயந்து வாய் திறக்காதவர்களைப் பேசவைத்து, 792 பேரின் வாக்குமூலங்களை எழுதி வாங்கினார். அந்தத் தாள்களைப் பல ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார்.

ஹாப்ரே செனகலுக்குத் தப்பி, டக்கார் நகரில் வசதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1998இல் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானதும் சாட் மக்களுக்கு வழி தெரிந்தது. 2000 ஜனவரியில் டக்காரில் வழக்குப் போட்டார்கள். வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று செனகல் நீதிமன்றங்கள் கைவிரித்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜாக்லின் முடெய்னா, 2001இல் இஞ்சமேனாவில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் வீசிய குண்டில் காலில் படுகாயம் அடைந்தார். தேறி வந்து வழக்கைத் தொடர்ந்தார்.

சர்வதேசச் சட்டத்துக்கென்று தனிப் போலீஸ் கிடையாது. ஆனால் 1984ஆம் ஆண்டின் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. சித்திரவதை செய்தவர் உங்கள் மண்ணில் இருந்தால் அவர்மீது நீங்களே வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லையென்றால் விசாரிக்க முன்வரும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். செனகல் 1986இலேயே இதை ஏற்றிருந்தது. ஹாப்ரேவை விசாரிக்க முன்வந்த பெல்ஜியம் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இனியும் தாமதிக்கக் கூடாது என்று 2012 ஜூலை 20 அன்று தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் அடுத்த ஆண்டு டக்காரில் தொடங்கியது.

தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஹாப்ரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, அவர் எதிரே கெங்கெங் சாட்சி சொன்னார். 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் முன்னாள் தலைவரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் மனித உரிமைக் குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது அதுவே முதல் முறை. வழக்குப் போட்ட நாளிலிருந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேல்முறையீட்டில் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க உத்தரவானது. 2021இல் ஹாப்ரே கொரோனாவில் இறந்தபோதும் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. இதை மன்னிக்க முடியாது.

ஒரு நாடு முன்பே ஏற்றுக் கையெழுத்திட்ட தாள் இல்லாதிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. அதே உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. ஆனால் அதற்குச் சட்டப்படி கட்டுப்படும் ஏற்பை இன்றுவரை செய்யவில்லை. அதற்கு வழிசெய்ய வந்த சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், அப்படியே காலாவதியானது. ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்.