உங்களுக்குத் தெரியுமா? மெயிலுக்கும் உண்டு சோதனைச் சாவடி

பரமத்தி வேலூர் வாழைத்தார் மண்டிக்குச் சொந்த டொமைன் இருந்தால், அதற்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு. 1986-லேயே வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. அந்தப் பதிவில் மெயிலை வடிகட்டும் சேவையின் சர்வர் பெயரை எழுதிவிட்டால், போலி பில், வைரஸ் பெரும்பாலும் அந்தச் சேவையிலேயே தடுக்கப்படும். ஐபி எண்ணை எழுதக் கூடாது, பெயர்தான்.

ஒரு டொமைனுக்குப் பல எம்எக்ஸ் பதிவுகள் இருக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண் குறைந்த பதிவுக்கே முன்னுரிமை. 10 இருக்கும்போது 20 மாற்று வழி மட்டுமே. ஸ்பேம் அனுப்புகிறவர்களோ காவல் குறைந்த அந்த 20-ஐத்தான் தேடிப் போவார்கள். அதனால் மாற்று வழியாக விட்டுவைத்த பழைய சர்வரின் பதிவை அவசியம் நீக்குங்கள். நம் மெயில் சர்வரும் வடிகட்டும் சேவை அனுப்புவதை மட்டுமே ஏற்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஐபி தெரிந்தவர் எம்எக்ஸைப் பார்க்காமல் நேராகவே அனுப்பிவிடலாம்.