நண்பர்களைக் காணக் கடல் கடக்கும் முன்

இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையில், அடுக்கடுக்கான வயல்களில் விளையும் வெள்ளைப்பூண்டு, காந்தளூர்ப் பூண்டுடன் சேர்ந்து 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அவ்வயல்களுக்கு உரிய ஒரு விவசாயி, இளமையில் தம்முடன் கல்லூரியில் பயின்ற நண்பர்களைக் காணப் புறப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் சிங்கப்பூரில், மற்றொருவர் கோலாலம்பூரில். ஏனைய எண்மர் நம் நாட்டில். இருபத்தைந்து ஆண்டுகள் தள்ளிப்போன சந்திப்பு இது. ஒரு போகத்தின் சேமிப்பு இப்பயணத்திற்குச் செலவாகப்போகிறது. அப்பணத்தை வீணாக்காமல் சென்று திரும்புவது எவ்வாறு?

முதலில் ஆவணங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவை. மலேசியாவுக்கு 2026 இறுதி வரை முப்பது நாள்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆயினும் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும்.

அடுத்து, பணம். இந்தியாவில் வாழும் ஒருவர் தாராளமயப் பணமனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டிற்குச் செலவிடலாம். நிரந்தரக் கணக்கு எண் கட்டாயம். பயணமொன்றுக்கு ரொக்கமாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பானது. இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் கொண்டுசெல்லலாகாது.

நண்பர் குழுவினர் பெரும்பாலும் கவனியாத இடம் ஒன்றுண்டு. பயணச் செலவுக்கென ஒருவர் அனுப்பும் தொகை நிதியாண்டில் பத்து இலட்சம் ரூபாயைக் கடந்தால், கடந்த பகுதிக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே வசூலிக்கப்படும். இவ்வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எண்மருக்கும் தலைக்கு ஒன்றரை இலட்சம் வீதம், பன்னிரண்டு இலட்சத்தையும் "நானே கட்டிவிடுகிறேன்" என்று ஒருவர் தம் கணக்கிலிருந்து அனுப்பினால், கூடுதலான இரண்டு இலட்சத்திற்கு 40,000 ரூபாய் பிடிக்கப்படும். அவரவர் செலவை அவரவர் கணக்கிலிருந்து செலுத்தினால் எவருக்கும் இச்சுமை இல்லை.

இவ்வாறு பிடிக்கப்பட்ட தொகை இழப்பன்று. வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் விவசாய வருமானத்திற்கு வரிவிலக்கு இருப்பதால் கணக்கே தாக்கல் செய்யாதவர், அத்தொகையைப் பெறுவதற்காகவாவது தாக்கல் செய்தாக வேண்டும்.

அயல்நாட்டில் இரண்டு எச்சரிக்கைகள் உதவும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது, "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று கேட்பர். உள்ளூர் நாணயத்தையே தேர்க. ரூபாயைத் தேர்ந்தால் வணிகர் பக்கத்து மாற்று விகிதம் பொருந்தும், அது பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். விடுதிகள் முன்வைப்புத் தொகையாக அட்டையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதுண்டு. அது விடுவிக்கப்படச் சில நாள்கள் ஆகலாம். ஆகவே அட்டையில் சற்று மிகுதியாக இருப்பு வைத்துக்கொள்க. இரு நாடுகளுக்குச் செல்வோர் சிங்கப்பூர் டாலரையும் மலேசிய ரிங்கிட்டையும் தனித்தனியே ஏற்றிக்கொண்டால், இடையில் நாணயம் மாற்றும் கட்டணம் மிச்சமாகும்.

சிராங்கூன் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டும், பத்துமலையின் 272 படிகளை ஏறியும் திரும்பிய பின், எஞ்சிய அந்நிய நாணயத்தை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ஆயினும் 2,000 டாலர் மதிப்பு வரையிலான நோட்டுகளை அடுத்த பயணத்திற்கென வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. பயிர்க்கடனாகப் பெற்ற தொகை விதைக்கும் உரத்திற்கும் உரியது. அதைப் பயணத்திற்குத் திருப்புதல் கூடாது. சந்திப்புக்கென மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பில் சேமித்து வருவோர், அறுவடை பொய்த்த ஆண்டிலும் கடனின்றி நண்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.