மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரற்கடை

அக்கா மகள் கதை வாசிப்பவள். நாவல்களைக் குரலில் பதிந்து அனுப்புவது அவளுக்குப் பகுதிநேர வேலை. போன மாதம் போன் செய்தாள். “மாமா, நல்ல ப்ரீஆம்ப் ஒண்ணு சொல்லுங்க. மைக் வாங்கிட்டேன், ஆனா பின்னாடி உஸ்ஸுனு ஒரே இரைச்சல். கடையில பூஸ்டர் போடணும்கிறாங்க.” பூஸ்டரின் விலை, மைக்கின் விலையில் பாதி. எதையும் வாங்காதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால், மேசை மேல் ஒரு ஸ்டாண்டில் டைனமிக் மைக். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மடியிலிருக்கும் டேப்லட்டைப் பார்த்துப் படிக்கிறாள். வாய்க்கும் மைக்குக்கும் ஒன்றரை அடி. தலைக்கு மேல் மின்விசிறி நாலாம் நம்பரில் சுற்றுகிறது. மைக்கை இழுத்து வாயிலிருந்து நான்கு விரற்கடையில் நிறுத்தினோம். சத்தத்தைப் பெருக்கும் கெயின் திருகை வெகுவாக இறக்கினோம். விசிறியை அணைத்தோம். உஸ் போயே போச்சு. செலவு ஒரு காபி, அதுவும் அவள் போட்டது.

வீட்டில் பதிவு செய்ய ஆசைப்படும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மைக்குக்கு ஒரு தொகை போட்டுவிட்டு, சத்தம் சரியில்லை என்றதும் அடுத்த தொகையை ப்ரீஆம்ப்பில் போடுகிறார்கள். அது தேவையா என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

மைக் தரும் மின்னழுத்தம் மிகச் சின்னது. 20 செ.மீ. தள்ளியிருந்து சாதாரணமாகப் பேசினால் மைக்கை எட்டும் ஒலி ஏறத்தாழ 74 டெசிபெல். 1966 முதல் மேடைப் பாடகர்கள் கையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58, அந்த ஒலிக்குத் தருவது 0.19 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. பாட்காஸ்ட்காரர்கள் ஏங்கும் அதே நிறுவனத்தின் எஸ்எம்7பி 0.11 மில்லிவோல்ட்தான் தரும். விலையோ எஸ்எம்58-ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆடியோ டெக்னிகாவின் ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் 1.4 மில்லிவோல்ட் தந்துவிடும். இந்தத் துளியை ஆயிரம் மடங்கு வரை பெருக்கிக் கொடுப்பதுதான் ப்ரீஆம்ப்பின் வேலை. ஆயிரம் மடங்கு என்பது தொழில் பாஷையில் 60 டெசிபெல் கெயின். இன்று கணினியோடு யுஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எதை வாங்கினாலும், மைக் மாட்டும் துளைக்குப் பின்னால் ஒரு ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும்.

பெருக்கும்போது இரைச்சலும் பெருகுமே என்பது நியாயமான கேள்விதான். இதற்கு இயற்கையே ஓர் எல்லை போட்டு வைத்திருக்கிறது. எந்த மின்தடையிலும் அறை வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கமே ஒரு மெல்லிய உஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான்சன் அதை அளந்து காட்ட, அவருடைய சகா நைக்விஸ்ட் விளக்கம் சொன்னார்; இரண்டும் 1928-இல் அச்சேறின. டைனமிக் மைக்கின் மின்தடையை 150 ஓம் என்று வைத்துக்கொண்டால் இந்த எல்லை ஏறத்தாழ மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபெலில் சொல்லும் அளவு). இதற்குக் கீழே எந்த ப்ரீஆம்ப்பும் போக முடியாது. வீட்டுப் பதிவுக்காரர்களிடம் பரவலாக இருக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வகை இன்டர்ஃபேஸின் குறிப்புத்தாளில் போட்டிருப்பது மைனஸ் 128. அளக்கும் முறையைப் பொறுத்து, எல்லைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மூன்றிலிருந்து ஐந்து டெசிபெல். லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் வாங்கினாலும் இரைச்சலில் மிச்சப்படப்போவது அந்த மூன்றோ ஐந்தோதான்.

இந்த மைனஸ் 128-ஐ நம் வீட்டு ஒலியாக மாற்றிப் பார்க்கலாம். எஸ்எம்58-இல் அந்த ப்ரீஆம்ப்பின் உஸ், அறையில் 18 அல்லது 19 டெசிபெல் ஒலி இருப்பதற்குச் சமம். மின்னழுத்தம் குறைவாகத் தரும் எஸ்எம்7பி என்றால் 23. நகரத்து வீட்டில் நடுநிசியில்கூட 30 டெசிபெலுக்குக் கீழே இறங்குவது அரிது. விசிறி சுற்றினால் கேட்கவே வேண்டாம். ஆக, ப்ரீஆம்ப்பைவிட அறைதான் அதிகம் இரைகிறது.

ப்ரீஆம்ப் முக்கியமாகும் இடங்களும் உண்டு. கெயின் 50 டெசிபெலோடு நின்றுவிடும் மலிவு இன்டர்ஃபேஸில் எஸ்எம்7பி போன்ற மைக்கை மாட்டினால் ஈனக்குரலில்தான் கேட்கும். பூஸ்டர் என்று விற்பது அங்கேதான் உதவும். வாங்குமுன் குறிப்புத்தாளில் இரண்டைப் பார்த்தால் போதும்: கெயின் 55 டெசிபெலுக்கு மேல் இருக்கிறதா, உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 125-க்குக் கீழே இருக்கிறதா. உள்ளே வால்வு ஒன்று செக்கச்செவேலென்று ஒளிரும் மலிவு ப்ரீஆம்ப்புகளுக்கு மயங்க வேண்டாம். பலவற்றில் அந்த வால்வுக்கு வேண்டிய மின்னழுத்தம் கிடைப்பதில்லை. விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

இனி மைக். “கண்டென்சர் எல்லாத்தையும் இழுக்கும், டைனமிக் பக்கத்துச் சத்தத்தை மட்டும் எடுக்கும்” என்று கடைக்குக் கடை சொல்வார்கள். பாதி உண்மை. கண்டென்சரின் வெளியீடு பெரிது, அதனால் எல்லாமே பெரிதாகக் கேட்கிறது. குரலுக்கும் அறை ஒலிக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது தூரமும், மைக் எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பதும்தான். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் ஏறும். அறையின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றரை அடியை நான்கு விரற்கடை ஆக்கினால் 15 டெசிபெலுக்கு மேல் லாபம். எந்த ப்ரீஆம்ப் தரும் இதை? டைனமிக் மைக்கை வாயோடு ஒட்டிப் பேசினாலும் அது தாங்கும், ஒட்டிப் பேசத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. அதற்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு நம் வாய்க்குச் சேர வேண்டியது. ஒட்டிப் பேசினால் குரலில் கனம் கூடும். சிலருக்கு அது அழகு, சிலருக்குப் பானைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

வீணை, வயலின், கிட்டார் என்றால் கதை வேறு. ஓரடி, ஒன்றரை அடி தள்ளி வைத்தால்தான் கருவியின் முழு நாதம் சேரும். அங்கே வெளியீடு பெரிதாக உள்ள கண்டென்சரே சரி. அதற்கு 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். இன்டர்ஃபேஸில் ஒரு பொத்தானாக இருக்கும். அதென்ன 48 என்றால், 1966-இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வோல்ட்தான் இன்று நம் மேசைக்கும் வந்திருக்கிறது. நான் முதலில் வாங்கிய ஆயிரத்துச் சொச்ச ரூபாய் கண்டென்சரை, பேன்டம் பவர் வேண்டும் என்பது தெரியாமல், நேரே லேப்டாப்பில் செருகிவிட்டு, இரண்டு நாள் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வருவோம். நம் வீடுகளில் கான்கிரீட் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. கை தட்டினால் திரும்பி வரும். மைக் செட்காரர் எக்கோ வைத்தால்தான் திருப்தி என்று வளர்ந்த காதுகள் நமக்கு. வாசிப்புப் பதிவில் அந்த எக்கோ தாங்காது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது வீண். அவை மெலிசு, ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால், ஒட்டு நுரை விரிப்புகளைவிட நன்றாக வேலை செய்யும். புடவைகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைப்பதும் அப்படியே. மைக்கின் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கட்டும். அந்தப் பக்கம் அதற்குக் காது மந்தம்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. ‘பால்’, ‘பல்’ என்னும்போது நம் பகரத்தில், ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் p அளவுக்குக் காற்று வெடிப்பதில்லை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரமாகச் சாய்த்து, முன்னால் அந்தக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்று வைத்தால் போதும்.

பணத்தைப் பிரிக்கும் விதம் இப்படி இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு மைக்குக்கு, ஒரு பங்கு இன்டர்ஃபேஸுக்கு, மீதி கனமான ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை மூடும் ஹெட்போனுக்கு. குரல் மட்டும்தான், கையிருப்பும் குறைவு என்றால், சாம்சன் க்யூ2யூ போல யுஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் சேர்ந்த டைனமிக் மைக்கோடு தொடங்கலாம். இன்டர்ஃபேஸைப் பிறகு வாங்கினாலும் மைக் வீணாகாது. ‘ம்ம்ம்’ என்று கரண்ட் ஓசை கேட்டால் மைக்கைக் குறை சொல்லுமுன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கண்டென்சரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைப்பது நல்லது.

போன வாரம் மறுபடி போன். “மாமா, இப்ப ரொம்ப சுத்தமா இருக்கு. அதனால பக்கத்து வீட்டு குக்கர் விசில் எத்தனைன்னு எண்ண முடியுது.” விடியற்காலை நாலரைக்கு எழுந்து பதிவு செய்யச் சொன்னேன். செய்கிறாள். ஐந்தேகாலுக்குப் பால்காரர் மணி அடிக்கும்வரை நாற்பத்தைந்து நிமிடம் கிடைக்கிறதாம்.