குழாய்க்கு ஒரு எண்

லாரியின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே எத்தனை குழாய்கள்! தடித்த குழாய், மெல்லிய குழாய், வளைந்த குழாய். எல்லாமே கறுப்பு நிறம். எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு குழாய்க்கும் இன்னொரு குழாய்க்கும் வேறுபாடு தெரியாது.

ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் தனி வேலை உண்டு. ஒன்றில் டீசல் போகும். ஒன்றில் தண்ணீர் போகும். ஒன்றில் எண்ணெய் போகும். சில குழாய்களில் எதுவுமே போகாது. அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். இவற்றைத்தான் பட்டறையில் 'வேக்கம் பைப்' என்று சொல்கிறார்கள்.

எதுவும் இல்லாத குழாய்க்கு என்ன வேலை? வாருங்கள், பார்ப்போம்.

காற்றின் பலம்

உறிஞ்சு குழலில் இளநீர் குடித்திருப்பீர்கள். நாம் குழலில் உள்ள காற்றை உறிஞ்சுகிறோம். வெளியே உள்ள காற்று இளநீரை அழுத்துகிறது. இளநீர் மேலே ஏறுகிறது.

நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கு எடை உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை அது சுமார் 1 கிலோ எடையுடன் அழுத்துகிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கத்தில் காற்றை எடுத்துவிட்டால் மறு பக்கத்தின் பலம் தெரியும்.

1650களில் ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக் என்பவர் இதைச் செய்து காட்டினார். இரண்டு அரைக் கோளங்களைச் சேர்த்து வைத்தார். உள்ளே இருந்த காற்றை எடுத்தார். இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் கோளங்களைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒட்டிப் பிடித்திருந்தது பசை அல்ல, வெளிக்காற்றின் அழுத்தம்.

பிரேக்குக்குத் துணை

டாடா 407 போன்ற சிறிய லாரிகள் 1986 முதல் நம் சாலைகளில் ஓடுகின்றன. இத்தகைய வண்டிகளில் பிரேக் மிதிக்கு முன்னால் வட்டமான டப்பா ஒன்று இருக்கும். அதன் பெயர் பூஸ்டர். டைனமோவின் பின்னால் ஒரு சிறிய பம்ப் இருக்கும். அது பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சும். நாம் பிரேக்கை மிதித்ததும் வெளிக்காற்று ஒரு பக்கம் புகுந்து தள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோம். பூஸ்டரின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 0.7 கிலோ அழுத்தம் கிடைத்தால், 490 × 0.7 = 343. அதாவது சுமார் 340 கிலோ பலம் நம் காலுக்குத் துணையாக வருகிறது!

அந்தக் குழாய் கழன்றாலோ வெடித்தாலோ இந்தத் துணை போய்விடும். பிரேக் முழுவதும் போகாது. ஆனால் மிதி கல் போல இறுகிவிடும். பாரம் ஏற்றிய வண்டி. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்போது என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

ஆட்டோ நகரில்

ஐதராபாத்தில் விஜயவாடா சாலையில் ஆட்டோ நகர் இருக்கிறது. லாரிப் பட்டறைகள் நிறைந்த இடம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து லாரி ஓட்டிச் செல்லும் நம்மவர்களுக்கு ஐதராபாத் பழக்கமான ஊர். நாமக்கல், சேலம், பெங்களூரு, ஐதராபாத் எல்லாவற்றையும் தேசிய நெடுஞ்சாலை 44 இணைக்கிறது.

அங்கே ஒரு பட்டறையில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் பேசுவது தமிழ். மெக்கானிக் பேசுவது தெலுங்கு. எலக்ட்ரீஷியன் பேசுவது உருது. குழாய்களைக் கழற்றிய பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வேறு பையன் மாட்ட வருகிறான்.

"அன்னா, இந்தப் பைப் எங்கே?" என்று கேட்கிறான்.

யாருக்குத் தெரியும்?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு மருந்து உண்டு. அது எண். 1, 2, 3 என்ற எண்கள் தமிழருக்கும் தெரியும். தெலுங்கருக்கும் தெரியும். உருது பேசுபவருக்கும் தெரியும்.

எப்படி எண் போடுவது?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஆறட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள்.

முதலில் குழாய்களின் முனையைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் டேப் ஒட்டாது. காகித டேப்பைச் சுற்றி, நுனியைக் கொடி போல விடுங்கள். பேனாவால் எண்ணை எழுதுங்கள். அதன்மேல் செல்லோ டேப் ஒட்டினால் எழுத்து அழியாது.

குழாய்க்கு ஒரு எண் போட்டால் போதுமா? போதாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் வேண்டும். பம்ப் பக்கத்து முனை 1 என்றால், அது மாட்டியிருந்த இடத்திலும் 1 என்று ஒட்டுங்கள். பூஸ்டர் பக்கத்து முனைக்கு 2. அது மாட்டியிருந்த இடத்துக்கும் 2. இப்படிச் செய்தால் குழாயைத் தலைகீழாக மாட்ட முடியாது. சில குழாய்களுக்கு நடுவே ஒருவழி வால்வு இருக்கும். காற்று பூஸ்டரிலிருந்து பம்ப் பக்கம்தான் போகவேண்டும். திருப்பி மாட்டினால் பிரேக்குக்குத் துணை கிடைக்காது.

6, 9 இரண்டிலும் கவனம் வேண்டும். டேப் திரும்பினால் 6 என்பது 9 ஆகிவிடும். எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

பிறகு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

1 – பம்ப், காற்று உறிஞ்சும் வாய்
2 – பூஸ்டர்
3 – பம்ப்புக்கு எண்ணெய் வரும் வாய்
4 – எண்ணெய் திரும்பிப் போகும் வாய்

டைனமோ பம்ப்பில் எண்ணெய்க் குழாய்களும் உண்டு. எண்ணெய் வராவிட்டால் பம்ப் உராய்ந்து கெட்டுவிடும். ஆகவே அவற்றுக்கும் எண் போடுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் டர்போவுக்கும் புகையைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கும் மெல்லிய வேக்கம் பைப்கள் போகும். அவை மாறினால் வண்டி இழுக்காது. கரும்புகை வரலாம்.

செல்போனில் படம் எடுப்பதும் நல்லது. ஆனால் படத்தில் ஒரு குழாயின் பின்னால் இன்னொன்று மறைந்துவிடும். எண் மறையாது. எண் ஒட்டிய பிறகு படம் எடுத்தால் இரண்டு பலனும் கிடைக்கும்.

கழற்றும்போது குழாயை நேராக இழுக்காதீர்கள். மெதுவாகத் திருகி எடுங்கள். திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலும், எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கையில் கிடைத்த தண்ணீர்க் குழாயைப் போடாதீர்கள். காற்றை உறிஞ்சும்போது அது சப்பிப் போய் அடைத்துக்கொள்ளும்.

மாட்டிய பிறகு சோதனை

வண்டி நின்ற இடத்திலேயே சோதனை செய்யலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதி இறுகும். காலை அழுத்தியபடியே எஞ்சினை ஓட்டுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓடும்போது விசிறி, பெல்ட் பக்கம் கையையும் துண்டையும் கொண்டு போகாதீர்கள்.

பெரிய லாரிகள்

பெரிய லாரிகளில் ஏர் பிரேக் இருக்கும். அங்கே காற்றை எடுப்பதில்லை. அடைத்து வைக்கிறார்கள். அடைபட்ட காற்று ஆபத்தானது. டாங்கிகளில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றாமல் எந்தக் குழாயையும் கழற்றக்கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் சென்னை பாடியில் ஏர் பிரேக் கருவிகளைச் செய்தது. ஏர் பிரேக் வால்வுகளை உற்றுப் பாருங்கள். வாய்களின் அருகே எண்கள் பொறித்திருக்கும். 1 என்றால் காற்று உள்ளே வரும் வாய். 2 என்றால் காற்று போகும் வாய். அப்படிப் பல வாய்கள் இருந்தால் 21, 22 என்று இருக்கும். 3 என்றால் காற்று வெளியேறும் வாய். 4 என்றால் கட்டளை வரும் வாய். வால்வு செய்பவர்களே எண் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்! அந்த எண்ணையே உங்கள் டேப்பிலும் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப்புக்கு ஆகும் செலவு சில ரூபாய். எண் போட ஆகும் நேரம் அரை மணி. மாற்றி மாட்டிய குழாயைத் தேட ஒரு நாள் ஆகலாம். ஒரு நாள் வாடகை போகும். ஓர் உயிரே போகலாம்.

டிரைவர்களே, பட்டறையில் வண்டியை விடும்போது, "எண் போட்டுக் கழற்றுங்கள்" என்று கேளுங்கள். மெக்கானிக்குகளே, புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் ஸ்பேனரைக் கொடுக்கும் முன் பேனாவைக் கொடுங்கள்.