படிக்கட்டில் பாயும் மிதிவண்டி

மாணவர்களே, சிலி நாட்டின் வால்பரைசோ, குன்றுகள்மீது அமைந்த துறைமுக நகரம். அங்கே 2003இல் தொடங்கியது நகரச் சரிவு மிதிவண்டிப் பந்தயம். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவார்கள். குறைந்த நேரத்தில் இறங்கியவரே வெற்றியாளர்.

வேகமா மிதிச்சா போதும்னு நினைக்கிறீங்களா? இல்லை. காட்டில் விழுந்தால் மண். இங்கே சிமெண்டுப் படி, சுவர், குறுகிய சந்து. படிக்கட்டில் டயர் பெரும்பாலும் விளிம்புகளை மட்டுமே தொடும். அங்கே பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் படி வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடல் எடையைப் பின்னால் தள்ளி இறங்க வேண்டும்.

விளக்கக் கட்டுரையில் ‘ஆபத்தானது’ என்று மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க. ஏன் ஆபத்து, வீரர் அதை எப்படிச் சமாளிக்கிறார்? இந்த இரண்டையும் எழுதுங்க. விளக்கம் என்பது அதுதான்.