கடற்கரைச் சாலையில் ஒரு குச்சி நட்டால்

1769 ஜூன் 4 காலை, புதுச்சேரிக் கோட்டை இடிபாடுகளின்மேல் எழுப்பிய வானாய்வுக் கூடத்தில் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி காத்திருந்தார். சூரியனை வெள்ளி கடப்பதை அளக்க 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர். 1761 கடப்பின்போது ஆடும் கப்பலில் இருந்ததால் சரியாக அளக்க முடியவில்லை. இம்முறை மேகம் மூடிக்கொண்டது.

பாவம்தான். ஆனால் அவர் இங்கே வெறுமனே இருந்துவிடவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் பேர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி அதிகம்.

இப்படிக் கணிக்க ஊரின் அட்சம், அதாவது பூமத்திய ரேகையிலிருந்து அது எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பது, தெரிய வேண்டும். நம் கணிதர்களுக்கு அதற்குத் தேவைப்பட்டது 12 அங்குலக் குச்சி ஒன்றுதான், சங்கு என்பார்கள். இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும். அன்று நண்பகலில் நம் உச்சியிலிருந்து அது எவ்வளவு சரிந்திருக்கிறதோ, அதுவே நம் அட்சம். புதுச்சேரியில் 12 அங்குலக் குச்சிக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குல நிழல் விழும். கணக்குப் போட்டால் 12 பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். இன்றைய வரைபடம் சொல்வது 11 பாகை 56 கலை. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 1,320 கிலோமீட்டர். இரவும் பகலும் சமமாகும் அந்த நாள்களில் கடற்கரைச் சாலைக் காந்தி சிலை அருகே மணலில் யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

மேற்கத்தியர் அட்சத்துக்கு வைத்த பெயருக்கு 'அகலம்' என்று பொருள். அவர்கள் அறிந்த உலகம் மத்தியதரைக் கடலையொட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கு தெற்காகக் குறுகிக் கிடந்தது. வடமொழி அட்சமோ அச்சு. பூமியின் அச்சு நீளும் துருவப்புள்ளி வானில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதே அளவு. என்னைக் கேட்டால் இந்தப் பெயரில் விளக்கமும் சேர்ந்தே இருக்கிறது.

அந்த உயரத்தைக் காட்டும் துருவ நட்சத்திரம் புதுச்சேரியில் அடிவானத்துக்கு மேல் 12 பாகையளவில் தாழ்வாகத் தெரியும். சோழமண்டலக் கடலோடிகள் அதை இராப்பலகையால் அளந்தார்கள். சிறு பலகை, நடுவில் ஒரு கயிறு, துறைமுகங்களின் அட்சத்துக்கு ஏற்ற முடிச்சுகள். போக வேண்டிய ஊரின் முடிச்சை முகத்தோடு சேர்த்துக் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொட்டால் ஊருக்கு நேராக வந்தாயிற்று. வங்கக் கடலில் இருப்பவர் பாயை மேற்கே திருப்ப வேண்டியதுதான்.