கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை: செலவு எங்கே விழுகிறது?

கர்ப்பப்பையை அகற்ற மூன்று வழிகள் உண்டு: வயிற்றை வெட்டுதல், யோனி வழியாக எடுத்தல், சிறு துளைகளிட்டுக் கமெராவின் உதவியுடன் எடுத்தல். 2016இல் தொடங்கிய ஓர் ஆய்வு மன்னார், ராகம அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 147 பெண்களிடம் இம்மூன்றையும் ஒப்பிட்டது. முதலிரண்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றே. கமெரா முறைக்குக் கூடுதல்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லைத்தானே என்று நாம் இருந்துவிடுகிறோம். பஸ் காசும், துணைக்கு நிற்பவர் இழக்கும் கூலியும், நாற்று நடமுடியாத நாட்களும் யாருடைய கணக்கு?

யோனி வழி முறையில் வயிற்றிலே காயமில்லை. எழும்பி நடமாடுவது பொதுவாகச் சுலபம். விலையுயர்ந்த கமெராக் கருவியும் வேண்டியதில்லை. கர்ப்பப்பை மிகப் பெருத்திருந்தால், அல்லது புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், இது பொருந்தாமற் போகலாம். அதை வைத்தியரே சொல்வார். ஆனால், "வயிற்றை வெட்டாமல் செய்யலாமா, டொக்டர்?" என்று திகதி குறிக்குமுன் நாம்தான் கேட்கவேண்டும்.